சாவியைத் திருப்பிய பிறகும்

மெஹிகாலியில் ஜூலை.
பிற்பகல் இரண்டே கால்.
நான் தூங்க வேண்டிய நேரம் அதுதான்.
இரவெல்லாம் பேக்கரியில் மாவோடு மல்லுக்கட்டிவிட்டு
ஜன்னல் கண்ணாடியில் அலுமினியத் தாள் ஒட்டி
நானே செய்துகொண்ட இருட்டில்
அப்போதுதான் ஒருக்களித்திருப்பேன்.
வந்துவிடும்
டெல்ஃபினா சசுவேட்டாவின் பிக்கப்.

வெள்ளை வண்டி, ஒரு கதவு மட்டும் நீலம்.
சான் ஃபெலிப்பே இறால்காரர்களுக்கு
ஐஸ் கட்டி இறக்கிவிட்டு வருகிறது.
போகும்போது பாலை நெடுகச் சொட்டிக்கொண்டே போகும்.
திரும்பும்போது அதன் முதுகில்
ஒரு சாக்கும் கொஞ்சம் உப்புக் காற்றும்.

சாவியைத் திருப்புகிறாள்.
எஞ்சின் அடங்கிவிட்டது.
விசிறிகள் அடங்கவில்லை.

விசிறி என்ற சொல்லை நம்பி
ஏதோ மெல்லிய காற்று என்று எண்ணிவிடாதீர்கள்.
ரேடியேட்டருக்குப் பின்னால் இரண்டு,
வாணலி அகலம்.
ஓடுபாதை கிடைக்காத விமானம்
எங்கள் தெருவில் வந்து மாட்டிக்கொண்டதுபோல்
கத்தும்.
கட்டில் காலில் நடுங்கும், தண்ணீர்க் குவளையில் நடுங்கும்,
என் கடைவாய்ப் பல்லில் அடைத்த ஈயத்தில்கூட.

எண்ணியிருக்கிறேன். ஏழு நிமிடம்.
சில நாள் எட்டு.
நாற்பத்தெட்டு டிகிரி அடித்த செவ்வாய்க்கிழமை பதினொன்று.

மெக்கானிக் எலியோடோரோவிடம்
அவளுக்குத் தெரியாமல் விசாரித்தேன்.
"வண்டியில் ஒரு கோளாறும் இல்லையப்பா.
அவ்வளவு சூட்டை வயிற்றில் வைத்துக்கொண்டு
எப்படித் தூங்கும்? நீ தூங்குவாயா?"
என்னிடம் போய் இதைக் கேட்கிறான்.

வெள்ளிக்கிழமை பொறுக்கவில்லை.
பனியனோடு எழுந்து ஓடினேன்.
அவசரத்தில் ஒரு செருப்புதான் அகப்பட்டது.
தார் கொதிக்கிறது.
வசவுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு
நொண்டியடித்தபடி போனேன் சண்டைக்கு.
ஒற்றைக் காலில் நின்று
ஒருவன் எவ்வளவு கோபமாக இருந்துவிட முடியும்!

வண்டிக்கு அடியிலிருந்து அனல் வந்து
கணுக்காலை நக்கிற்று.

அவள் இறங்கவே இல்லை.
கண்ணாடியை இறக்கிவிட்டு
ஸ்டியரிங்கில் இரண்டு கையும் வைத்து
ஓட்டுகிறவள்போல் உட்கார்ந்திருந்தாள்.
பிடரியில் ஒரு துண்டு ஐஸ்,
கரைந்து சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
மூடிய வீட்டுக் கதவுக்கு அப்பால்
தொலைக்காட்சி, மூன்று குரல்கள்,
யாரோ எதையோ தேடிக் கிடைக்காமல்
அவள் பெயரைக் கூப்பிடும் சத்தம்.

"இது நிற்கட்டும், வருகிறேன்" என்றாள்.
என்னிடம் இல்லை.

ஏச வந்தவனுக்கு வாய் எழவில்லை.
எழுந்திருந்தாலும் அந்த இரைச்சலில்
கேட்டிருக்கப் போவதில்லை.
அப்போதுதான் என்னைப் பார்த்தாள்,
என் காலைப் பார்த்தாள்,
பக்கத்து இருக்கையிலிருந்து பாதி ஐஸ் இருந்த பையை எடுத்து
ஜன்னல் வழியே நீட்டினாள்.
விலை சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

வாளியில் கொட்டிக் காலை வைத்துக்கொண்டு
இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.
தூங்கினேன் என்று சொல்ல மாட்டேன்.
ஒன்பதாவது நிமிடம் அது நின்றது.
கார்க் கதவு. வீட்டுக் கதவு.
பிறகு மூன்று குரல்களும் நான்காயின.

விடியற்காலை நான்கு மணி.
அடுப்பை அணைத்தாயிற்று.
சுவரில் பதித்த பெரிய புகைவிசிறி மட்டும்
தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது,
தகரம் கடகடக்க.
அதன் கீழே மாவு மூட்டையைச் சாய்த்துப் போட்டு
உட்கார்ந்திருக்கிறேன்.
நாலு நாற்பது பஸ் இருக்கிறது. போகலாம்.
சட்டைப் பையில் கைப்பேசி ஒருமுறை அதிர்கிறது.
எடுக்கவில்லை.

மேல்மாடியில் யாரோ
ஜன்னலை அறைந்து சாத்துகிறார்கள்.

இன்னும் கொஞ்ச நேரம்தான் என்கிறேன்
மேலே பார்த்து.
எனக்கே கேட்கவில்லை.